பூசணிக்காய் உடைந்த இடம்

வேலையில் சேர்ந்த பிறகு வரும் முதல் ஆயுதபூஜையன்று யாராவது உங்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணிப்பார்கள். வாங்கிக்கொள்வதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் பழத்தை நீட்டியவரின் முகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அதில் தெரியும். உங்களைப் போலத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்பவருக்கு இயந்திரத்தின் பழுதைவிட அது முக்கியம். எனக்கு இதைத் தாமதமாகத்தான் யோசிக்கத் தோன்றியது. உங்களுக்காவது முன்கூட்டியே தோன்றட்டும்.

ஓசூர்ப் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. உலை மேடைக்குப் போனால் முதலில் ஆட்களை எண்ணுவேன், அப்புறம் முகக்கவசங்களை, அப்புறம் காலணிகளை. இப்போது வீட்டில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை சரியாக வந்தும் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும் ஆள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் நான் சொல்லும் எதிலும் கொஞ்சம் இருட்டு கூடுதலாக இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டுவார்கள். கோவில், தேவாலயம், மசூதி மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். எல்லா நம்பிக்கைகளையும் மதிக்க வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருக்கும். அதைச் சொல்லிக்கொடுப்பவருக்கு அரை நிமிடம் போதும். மதிப்பதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார், அந்த ஒருவர் யார் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் உலை மேடையில் ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழியில் வேண்டுமானாலும் அங்கே திட்டு வாங்கலாம்; கடைசிக் காலத்தில் இந்தியும் சேர்ந்துகொண்டது. மேடையின் மூத்த ஆள் முனிராஜ். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த மேடையிலேயே வேலை பார்த்தவர் சாமுவேல். கிருஷ்ணகிரிக்காரர், சபைக்குத் தவறாமல் போகிறவர். கடைசல் பட்டறைகளிலிருந்து வரும் இரும்புச் சுருள்களையும் பழைய இரும்பையும் ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி உலைக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தத் தொட்டியை ஆட்கள் பக்கெட் என்பார்கள். மேடையின் விளிம்புக்கு நேர் கீழே அது நிற்கும்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மேடையைக் கழுவிவிடுவதும் வாழைக்கன்று கட்டுவதும் சாமுவேல்தான். கயிறு கட்டுவதில் அவருக்கு நிகர் அங்கே யாரும் இல்லை. கற்பூரம் ஏற்றும்போது மட்டும் மேடையை விட்டு இறங்கிப்போய்க் குழாயடியில் நிற்பார். குங்குமம் வைத்துக்கொள்ள மாட்டார், படைத்ததைச் சாப்பிட மாட்டார். எல்லாம் முடிந்ததும் முனிராஜ் மேலிருந்து குரல் கொடுப்பார்.

"சாமுவேலு, எங்க சாமி கெளம்பிட்டாரு. நீ வரலாம்."

"உங்க சாமி போறப்ப எனக்கு வேலை வெச்சிட்டுத்தாண்ணா போறாரு" என்று சொல்லிக்கொண்டே சாமுவேல் துடைப்பத்தோடு மேலே ஏறுவார். உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயின் துண்டுகளையும் தேங்காய் நார்களையும் அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போடுவார். கீழே இறங்கி பக்கெட்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். அதைச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. பல வருடங்கள் இப்படியே நடந்தது. யாரும் யாரையும் புண்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. மத நல்லிணக்கம் என்ற சொல் அந்த மேடையில் ஒருமுறைகூட உச்சரிக்கப்பட்டதில்லை.

ஒரு வருடம் முனிராஜ் தன் சொந்தத்தில் ஒரு பெரியவரைப் பூஜை செய்ய அழைத்துவந்தார். பூஜை முடிந்து சாமுவேல் துடைப்பத்தோடு ஏறி வந்தபோது, சாமிக்குச் சுற்றி உடைத்ததை வேறு சாமியைக் கும்பிடுகிறவன் அள்ளக் கூடாது என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். முனிராஜுக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. பெரியவரை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. லீவு முடிந்து வந்து நாங்களே அள்ளிக்கொள்கிறோம், நீ வீட்டுக்குப் போ என்று சாமுவேலை அனுப்பிவிட்டார். சாமுவேலும் சரி அண்ணா என்று போய்விட்டார். நான் இதையெல்லாம் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

விடுமுறை முடிந்த முதல் காலை. மேடையில் கிடந்த துண்டுகளை வந்தவர்கள் கூட்டி அள்ளிவிட்டு உலையைத் தொடங்கினார்கள். முதலில் போட்ட இரும்பு உருகிக் குழம்பானது. அதன்மேல் பக்கெட்டைக் கவிழ்த்தார்கள். என் அறைவரை அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேடையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். மற்ற இருவரைத் தேடிக் கீழே இறங்கினேன். மேடை ஆட்களில் ஒருவரான கோவிந்தன் மேல் உருகிய இரும்பு தெறித்திருந்தது. சாமுவேல் அவரை இழுத்துக்கொண்டு இறங்கிக் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். முகக்கவசம் முகத்தைக் காப்பாற்றிவிட்டது. கழுத்தும் இடது தோளும் கையும் வெந்துபோயிருந்தன.

கோவிந்தன் கல்லாவிக்காரர்; முனிராஜின் தங்கையை முந்தின வருடம்தான் கட்டியிருந்தார். அவரை அந்த வேலைக்கு அழைத்துவந்ததே முனிராஜ்தான். மச்சானோடு முனிராஜ் ஆம்புலன்சில் ஏறிப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருடமாக ஒருவன் கற்பூரத்தைக் கண்டால் இறங்கி ஓடுகிறான்; அது சேர்ந்து சேர்ந்து இப்போது வந்து நிற்கிறது என்பதுதான் அது. அவன் இருக்கும் மேடையில் ஏற மாட்டோம் என்று ஆலை மேலாளரிடம் போய்ச் சொன்னார்கள். கோவிந்தனைக் கீழே இழுத்துவந்தது யார் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பயந்தவர்கள். அடுத்து தன்மேல் தெறிக்குமோ என்று பயப்படுகிறவனுக்கு உடனே ஒரு காரணம் தேவைப்படுகிறது. ஈரமான இரும்பு என்பதைவிட ஒரு ஆள் என்பது கையில் பிடித்துக்கொள்ள வசதியானது. பண்டிகையன்று எல்லோரும் பெருந்தன்மையாகத்தான் இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது விபத்தன்று.

மேலாளர் என்னை அழைத்தார். சண்டை வேண்டாம் என்று நினைக்கும் நல்ல மனிதர். சாமுவேலை வெளியே இரும்புக் கிடங்குக்கு, ஆட்கள் யார்டு என்று சொல்லும் இடத்துக்கு, மாற்றிவிடலாம் என்றார். அங்கே ஷிப்டுப் படி கிடையாது, நிழலும் கிடையாது. மேடையில் இருப்பவனை அங்கே அனுப்புவதை ஆட்கள் தண்டனையாகத்தான் பார்ப்பார்கள்.

"அவங்க நம்பிக்கை அது. நாம எல்லா நம்பிக்கையையும் மதிக்கணும் இல்லையா சார்?" என்றார்.

பயிற்சி வகுப்பில் படத்தின் கீழே இருக்கும் அதே வாக்கியம். அதை வைத்து ஒரு ஆளைத் தூக்கி எறிய முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அறிக்கை எழுதும்வரை பொறுக்கச் சொல்லிவிட்டு மேடைக்குப் போனேன்.

உருகிய இரும்பு தெறிக்க வேண்டுமானால் அதற்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். மழை இல்லை, கூரையில் ஒழுகல் இல்லை. பக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒட்டிக்கிடந்த சுருள்களுக்கு நடுவே குங்குமம் தோய்ந்த ஒரு தோல் துண்டு இருந்தது. பக்கத்தில் வெள்ளை விதைகள். எண்ணினேன், பதினொன்று இருந்தன. விளிம்பில் நின்று உடைத்த பூசணிக்காயின் பாதி, பூஜைக்கு முன்பே சுருள் நிரப்பிக் கீழே நிறுத்தியிருந்த பக்கெட்டுக்குள் விழுந்து சுருள்களுக்குள் புதைந்துபோயிருக்கிறது. மேலே கிடந்ததை எல்லோரும் அள்ளினார்கள். கீழே எட்டிப்பார்க்கிற ஆளை அந்த வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விடை கிடைத்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பூஜைதான் விபத்துக்குக் காரணம் என்று ஆபீசில் சொல்கிறார்கள் என்ற பேச்சு ஆலைக் கதவைத் தாண்டினால் என்ன ஆகும்? கைபேசி இல்லாத ஆள் அங்கே யாரும் இல்லை. பூஜையையும் ஆலையையும் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கொடியோடு வாசலில் வந்து நிற்பார்கள். சொல்லாவிட்டால் சாமுவேல் கிடங்குக்குப் போவார், செய்யாத குற்றத்தை வாழ்நாள் முழுக்கச் சுமப்பார். அதோடு அடுத்த வருடமும் அதே விளிம்பில் நின்றுதான் பூசணிக்காய் உடைப்பார்கள்.

எல்லோரிடமும் சொல்வதற்கு முன் முனிராஜிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. உடைத்த கை அவருடையது. சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். தீக்காயப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். சட்டையெல்லாம் கரி. கோவிந்தனுக்கு உயிருக்கு ஆபத்தில்லை, கை பழையபடி மடங்குமா என்பது மட்டும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம். பக்கத்தில் உட்கார்ந்து, பூசணிக்காயை எங்கே நின்று உடைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, உலை இங்கே, நான் இங்கே என்று கையால் காட்டினார். கை கீழே இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டது. பக்கெட் எங்கே நிற்கும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப நான்தானா சார்" என்றார். ஈரம்தான் காரணம், யாருடைய கை என்பது அறிக்கையில் தேவையில்லை என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"உள்ள என் தங்கச்சி உக்காந்திருக்கா சார். அவ மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்? இத மேடையில சொல்லாதீங்க."

"சொல்லலன்னா சாமுவேலைத் தூக்கிடுவாங்க முனிராஜ்."

"அவன் யார்டுக்குத்தான போவான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் எங்க சார் போவேன்?"

  ஒரு நம்பிக்கைக்குள் மனிதன் ஏன் போய்ப் புகுந்துகொள்கிறான் என்று கேட்டால் புத்தகங்கள் பல காரணம் சொல்லும். எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும்.

மறுநாள் காலை மேடைக்குக் கீழே ஷிப்டு ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். முனிராஜின் பெயரைச் சொல்லவில்லை. பூஜையில் தவறில்லை, உடைத்த இடத்தில்தான் தவறு, ஈரம் உலைக்குள் போனால் அது எந்தச் சாமிக்கு உடைத்தது என்று இரும்புக்குத் தெரியாது என்றேன். தோலையும் விதைகளையும் காட்டினேன். யாரும் கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. பசப்பா என்ற கன்னடக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"நான் வந்த நாள்லேர்ந்து அங்கதான் சார் ஒடைக்கறாங்க. இந்த வருசம் மட்டும் என்னாத்துக்கு பக்கெட்டுல வுழுந்துச்சி?"

போன வருடங்களிலும் விழுந்திருக்கும். சாமுவேல் எட்டிப்பார்த்து எடுத்துப் போட்டிருப்பார். இந்த வருடம் அவரை நீங்கள் அள்ளவிடவில்லை என்றேன். இதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். பசப்பா மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அதத்தான் சார் நாங்களும் சொல்றோம். எப்புடிச் சுத்தினாலும் எல்லாம் அவன் பேர்லயே வந்து நிக்குது."

இளம் நண்பர்களே, ஆதாரத்தைக் காட்டினால் நம்பிக்கை கலைந்துவிடும் என்று எண்ணி மேடைக்குப் போகாதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஆதாரத்தையும் அது உள்ளே வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அதோடு மல்லுக்கு நிற்பது நம் வேலை இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் நாம் குறுக்கே நின்றாக வேண்டும். காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும்போது ஒன்று. அந்த நம்பிக்கைக்கான விலையை அதை நம்பாத ஒருவரிடம் கேட்கும்போது இன்னொன்று. அங்கே மரியாதை, மனம் புண்படுதல் என்றெல்லாம் பேச்சு வரும். தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

நான் நின்றேன். எதை வேண்டுமானாலும் நம்புங்கள், சாமுவேல் மேடையில்தான் இருப்பார், இனிமேல் பூசணிக்காயை ஆலை வாசலில்தான் உடைக்க வேண்டும், ஏற முடியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லலாம் என்றேன். ஒருவரும் வரவில்லை. அறிக்கையில் ஈரம் என்று எழுதி, அது எப்படி வந்தது என்பதையும் எழுதினேன். மேலாளர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, உடைக்கும் இடத்தை மாற்றியது சரி என்று சொல்லிப் போனார். வாசலில் யாரும் கொடியோடு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சாமுவேல் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைக் கிடங்குக்கே மாற்றிவிடுங்கள் சார் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்றதில்ல சார். அதான் கஷ்டமா இருக்குது" என்றார். "முன்னெல்லாம் 'டேய் சாமுவேலு, தள்ளு'ன்னு கத்துவாங்க. கெட்ட வார்த்தகூட வரும். இப்ப கொரலே வர்றதில்ல. மரியாதையாத்தான் நடந்துக்கறாங்க. வழி வுட்டுத் தள்ளி நிக்கறாங்க."

அவர் சொன்னதை நம்பாமல் ஒரு ஷிப்டு முழுக்கக் கீழே நின்று பார்த்தேன். டீ வந்தபோது, கோவிந்தனுக்குப் பதில் வந்தவரையும் சேர்த்து, ஐந்து பேர் கிளாஸ் எடுத்தார்கள். ஆறாவது தட்டிலேயே இருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிற்பகலில், உருகிய இரும்பைச் சுமந்த கொப்பரையோடு கிரேன் சாமுவேலின் முதுகுப்பக்கமாக வந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வெப்பம் உறைத்து அவராகவே திரும்பி விலகினார். அவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அந்த ஆள் மேல் கண் தங்குவதை அவர்களுடைய உடம்பே நிறுத்திக்கொண்டிருந்தது.

உலை மேடையில் சட்டைக்கும் முகக்கவசத்துக்கும் மேலாக ஒரு பாதுகாப்பு உண்டு. பக்கத்து ஆளின் குரல். அதை என்னால் ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொடுக்க முடியாது. அவரை அங்கே வைத்திருக்க உத்தரவு போட எனக்கு அதிகாரம் இருந்தது. தள்ளுடா என்று கத்தவைக்க அதிகாரம் இல்லை. பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைப்பது வேறு, அவருக்காகக் குரல் கொடுப்பது வேறு. முதலாவது மட்டும் இருக்கும் மேடையில் ஒரு மனிதனை நிறுத்துவது, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றோரம் நிறுத்துவது போல. பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் நான் செய்ய வேண்டியது தெளிவாகவே இருந்தது. மேலாளர் முதல் நாள் கேட்டதை நானே எழுதிக் கையெழுத்திட்டேன். ஷிப்டுப் படி குறையக் கூடாது என்று போராடி வாங்கினேன். வெயிலுக்கு ஒரு கூரை போடவைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மற்றவர்களை வேறு வேறு ஷிப்டுகளுக்குப் பிரித்துவிட்டு அவரை மேடையிலேயே வைத்திருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்கலாம். யோசித்தேன். மூன்று ஷிப்டுக்கும் அந்தக் கதை என்னைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

கோவிந்தன் பிழைத்து வேறு பிரிவில் சேர்ந்தார். இடது கை பாதிவரைதான் மடங்கும். முனிராஜ் அதன்பின் மருத்துவமனைப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை. ஆயுதபூஜைக்குப் பூசணிக்காயை வாசலுக்கு வெளியே உடைத்தார்கள். ஒரு வருடமும் தவறவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று கேண்டீனில் சின்னக் கூட்டம். முனிராஜ்தான் சால்வை போர்த்தினார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து நின்று, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒண்ணு பாத்தீங்களா சார்? சாமுவேலு மேடைய வுட்டுப் போனதுலேர்ந்து ஒருத்தனுக்கும் ஒரு சின்னக் காயம்கூட இல்ல."

"பூசணிக்காய வாசல்ல உடைக்கறீங்க முனிராஜ். அதனாலதான் காயம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ ஏளனமோ கொஞ்சம்கூட இல்லை. என் தோளிலிருந்து நழுவிய சால்வையைப் பொறுமையாக எடுத்துச் சரிசெய்தார்.

"அது உங்க நம்பிக்கை சார்" என்றார். "அத நாங்க யாரும் தப்புன்னு சொல்ல மாட்டோம்."